அருளப்பன் அண்ணனும் ஐந்து வீட்டுப் பசாரும்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் எல்லாரும் என்னை மன்னிக்க வேண்டும். மணி இரண்டாகப் போகிறது. காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் யாராவது கைப்பேசிச் சத்தத்தில் விழித்திருந்தால், நன்றாகத் திட்டிக்கொள்ளுங்கள். குழந்தை இப்போதுதான் தூங்கினாள். பகலில் நாலு வரி எழுதுவதற்குள் அவள் எழுந்துவிடுகிறாள், அல்லது நான் அழுதுவிடுகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அருளப்பன் அண்ணனுக்கு நாற்பதாம் நாள் பூசை. அவர் போன அன்று நம் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் கைகூப்பிய படம் போட்டோம். அதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூட நம் ஐந்து வீட்டுக்கும் சேர்த்து யாரும் பசார் சந்தைக்குப் போகவில்லை. இனிமேல் போகப் போகிறோமா, இல்லையா என்பதை அவருடைய மனைவி பிலோமினா அக்காவுக்கு வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் அவரைப் பற்றி ஒருமுறையாவது ஒழுங்காகப் பேசிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பஸ் ஓட்டுநராக மட்டும் அவரை அறிந்த நண்பர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. என் கணவர் முரளி வழக்கம்போல ஐந்தேமுக்காலுக்கெல்லாம் கம்பெனி பஸ்ஸுக்காகத் தாமான் குடியிருப்பின் முகப்பில் போய் நின்றார். ஆறு மணிக்கு அங்கிருந்து அழைத்தார்.

"பஸ் இன்னும் வரலம்மா. அண்ணன் ஃபோனும் எடுக்கல."

"டயர் பஞ்சராயிருக்கும்லா," என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்தேன். பஸ் திடலோரத்தில் இரவு நிறுத்திய இடத்திலேயே நின்றது. விளக்குகூடப் போடவில்லை. ஆனால் மூன்று வீடு தள்ளி அவர்கள் வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. கேட் அகலத் திறந்து கிடந்தது. நான் ஓடிப் போனபோது அண்ணன் மூச்சில்லாமல் கிடந்தார், ஒரு காலில் மட்டும் சப்பாத்து போட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கூலிமில் உள்ள கம்பெனிக்குப் போகவேண்டிய முப்பது பேரும் சீருடையோடு அந்தச் சந்துக்குள் வந்து நின்றார்கள். அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை. நாற்பத்தொன்பது வயது. நெஞ்சுவலி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எனக்கும் அவருக்கும் பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது. சுங்கைப் பட்டாணிக்கு நாங்கள் குடிவந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். பெரியவன் அப்போது வயிற்றில் இருந்தான். பேரங்காடியில் எது மலிவு என்று எழுதியிருந்தாலும் மூன்று மூன்றாக எடுத்து வருவேன். வீட்டில் சாமான் குறைந்தால் எனக்கு மூச்சு முட்டும். ஒருநாள் மஞ்சளாகிப்போன கங்கோங் கீரையையும் ஊறிப்போன வெள்ளரிக்காயையும் ஒரு பையில் கட்டி வாசல் குப்பைத்தொட்டியில் போட்டேன். திடலோரத்தில் பஸ் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

"என்ன தங்கச்சி, வாங்கி, தூக்கிட்டு வந்து, ஃபிரிட்ஜில வச்சு, கரண்டு செலவு பண்ணி அப்புறம் போடுறீங்க? கடையிலேருந்து நேரா குப்பைக்குப் போட்டா வேலை மிச்சம்லா."

முன்பின் பேசியிராத மனிதர்! கேட்டைப் படாரென்று சாத்திவிட்டு உள்ளே போய்விட்டேன். ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒரு வாரமும் எதைக் குப்பையில் போடப் போனாலும் அவர் குரல் காதில் விழுந்தது என்பதை அவரிடம் கடைசிவரை ஒப்புக்கொள்ளவும் இல்லை.

மாதக் கடைசியில் முரளிக்கு ஓவர்டைம் நின்றுபோனது. பஸ்ஸில் அவர் புலம்பியிருக்கிறார். அருளப்பன் அண்ணன் அப்போதே தன் வீட்டோடு, அதே தாமானில் இருக்கும் சரசு அக்கா வீட்டுக்கும் இன்னும் இரண்டு வீட்டுக்கும் பசாரிலிருந்து சாமான் வாங்கிவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் இரவு ஷிஃப்ட் ஆட்களை எல்லாம் இறக்கிவிட்டு வெறும் பஸ்ஸாகத் திரும்புவார். வழியில்தான் பசார். பஸ் முதலாளிக்கும் இது தெரியும். அவர் வீட்டுக்கும் ஒரு கட்டுக் கீரை போய்விடும். ஐந்தாவது வீடாக நாங்கள் சேர்ந்தோம்.

சேர்வதற்கு ஒரே ஒரு நிபந்தனை. வெள்ளிக்கிழமை மாலை ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து உள்ளே இருப்பதைப் படம் பிடித்துக் குழுவில் போட வேண்டும். அதைப் பார்க்காமல் அவர் எதையும் வாங்க மாட்டார். "மொதல்ல நம்ம வீட்டுக் கடைக்குப் போயிட்டு வாங்க, அப்புறம் வெளிக் கடைக்குப் போலாம்" என்பார். என் முதல் படத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மதியம் முழுக்க ஃபிரிட்ஜைத் துடைத்து, பழத்தை முன்னால் அடுக்கி, விளம்பரம்போல எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"தங்கச்சி, இது பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு அனுப்புற படம். பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கீங்களே, அந்த டப்பாவயெல்லாம் எடுத்து அனுப்புங்க."

சரசு அக்கா விடுவாரா? "அருளு, அவ படத்தப் பாத்து வீட்டுக்காரர் என்னைத் திட்டுறாருப்பா, நம்ம ஃபிரிட்ஜு ஏன் இப்படி இல்லன்னு!" என்று எழுதினார். அடுத்த வாரம் அவர் படத்தில் முட்டைகோஸுக்குப் பின்னால் இரண்டு பீர் டின் எட்டிப்பார்த்தது. "இத வச்சு என்ன பொரியல் பண்ணலாம்னு சொல்றேன், இருங்க" என்றார் அண்ணன். சரசு அக்கா மூன்று வாரம் படமே போடவில்லை.

பின்னால் ஒளிந்திருந்த டப்பாக்களில்தான் எங்கள் பணம் கிடந்தது என்பது எனக்குப் புரிய இரண்டு மாதம் பிடித்தது. பாதி தேங்காய், மூன்றுநாள் பழைய பருப்பு, திறந்து மறந்த தயிர். அவற்றைத் தீர்த்துவிட்டுப் புதிதாக வாங்குவது என்று ஆனபோது வாங்குவது தானாகவே குறைந்தது.

அவருடைய பசார்ப் பட்டியலில் காய்களின் பெயரே இருக்காது. ரெண்டு கீரை, ஒரு கிழங்கு, ரெண்டு காய், ஒரு மீன் என்று மட்டும்தான் எழுதுவார். எது என்பதைப் பசார் சொல்லும். நான் ஒருமுறை கூடப் போயிருந்தேன். காய்கறி விற்கும் மலாய் மக்சிக்கிடம் அவர் பேரம் பேசவே இல்லை. இன்றைக்கு எது நிறைய வந்திருக்கிறது என்று மட்டும் கேட்டார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே பயற்றங்காய்க் குவியலைக் கையால் காட்டினார். பயற்றங்காய் வாங்கினோம்.

"ஏன்ணே, விடியக்காலையில வந்தா இன்னும் நல்லதா பொறுக்கலாமே?" என்று கேட்டேன்.

"விடியக்காலையில நமக்குத்தான் அவங்க மேல பாசம். ஒம்பது மணிக்கு மேல அவங்களுக்கு நம்ம மேல பாசம்," என்றார்.

வாங்கியதை பஸ்ஸிலேயே பிரிப்பார். வீட்டுக்கு ஒரு ஸீட். எங்களுடையது ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை. ஜன்னலோரம் கீரைக் கட்டு சாய்ந்து உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் பூசணித் துண்டு. தாமானுக்குள் பஸ் நுழையும்போது முன்ஸீட்டில் சரசு அக்காவின் வாழைப்பூ வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அன்று மாலை குரல்பதிவு வரும். "இந்த வாரம் பூசணி நெறைய. பாதி சாம்பார், பாதி..." என்று அண்ணன் ஆரம்பிப்பார். பின்னாலிருந்து பிலோமினா அக்காவின் குரல், "சாம்பார் இல்லங்க, மொதல்ல தோலை எடுத்து வைக்கச் சொல்லுங்க, அது துவையலுக்கு." "ஆங், தோலை எடுத்து வைங்க." "தண்ணி ஊத்த வேணாம்னு சொல்லுங்க." "தண்ணி ஊத்த வேணாம். எல்லாம் எனக்குத் தெரியும்மா, நானே சொல்லுவேன்லா." ஒவ்வொரு பதிவும் இப்படித்தான். நம் வீடுகளில் எல்லாரும் சமைத்தது யாருடைய சமையல் என்று நமக்கு நன்றாகவே தெரியும்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். பத்துக் கிலோ வெங்காய மூட்டையில் அவருக்கு ஒரு மயக்கம் இருந்தது. மூட்டையாக வாங்கினால் மலிவு என்பார். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு அத்தனை வெங்காயம் எதற்கு? முளைத்துப்போனது. முளைத்ததையெல்லாம் ஒரு தட்டில் வைத்துப் படம் எடுத்து, "அண்ணே, இது மலிவா, தோட்டமா?" என்று குழுவில் போட்டேன். அடுத்த வாரம் மூட்டை ஐந்து வீட்டுக்கும் பிரிந்தது. அன்றிலிருந்து ஏதாவது மொத்தமாக வாங்குவதென்றால் பசாரிலிருந்தே என்னை அழைத்து, "தோட்டக்காரம்மா என்ன சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். தோற்றதை அவ்வளவு சந்தோஷமாக எடுத்துக்கொண்ட ஆண்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கோழிக் கதையைச் சொல்லாமல் விட்டால் சரசு அக்கா என்னை மன்னிக்க மாட்டார். ஒரு சனிக்கிழமை பசாரில் கோழி மிக மலிவாக இருப்பதாக அண்ணன் அழைத்தார். பெரியவனுக்குக் காய்ச்சல். நான் எதையும் யோசிக்காமல் "வாங்குங்கண்ணே" என்றேன். பதினைந்து கோழி வெட்டி வாங்கி வந்துவிட்டார். சரசு அக்கா தன் ஸீட்டிலிருந்த பையைப் பிரித்துப் பார்த்தார்.

"அருளு! நாளைக்குப் புரட்டாசி பொறக்குது! இத வச்சு நான் பெருமாளுக்கு என்ன பொங்கலா வைக்கிறது?"

பஸ் படிக்கட்டில் நின்றபடி அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். மாதா கோயிலுக்குப் போகிறவர், அவருக்கு எப்படித் தெரியும்? நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். நாளை முதல் ஒரு மாதத்துக்கு ஊரில் பாதித் தமிழர்கள் கறி தொடமாட்டார்கள், அதனால்தான் கோழி விலை இறங்கியது என்று நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாலு வீட்டிலும் விரதம். ஃபிரிட்ஜில்கூட வைக்கமாட்டோம் என்று சரசு அக்கா சொல்லிவிட்டார்.

எல்லாக் கோழியும் அண்ணன் வீட்டுக்கே போனது. பிலோமினா அக்கா ஒருவேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, பைக்குப் பை எங்கள் பெயரை எழுதி ஐஸ் பெட்டியில் அடுக்கினார். அவர்கள் மகள் ஐஸ்கிரீம் வைக்க இடமில்லை என்று அழுததாகக் கேள்வி. அந்த ஒரு மாதமும் தங்கள் பெயர் எழுதிய பையைத் தவிர அவர்கள் வேறெதையும் தொடவில்லை. புரட்டாசி முடிந்து எல்லாரும் கோழிக்கடைக்கு ஓடி விலை ஏறியிருந்தபோது எங்கள் தீபாவளிக் கறி அண்ணன் வீட்டு ஐஸ் பெட்டியிலிருந்து வந்தது.

"இனிமே வருஷா வருஷம் இப்படியே செஞ்சிரலாம்லா. உங்க புரட்டாசிக்கு எங்க ஃபிரிட்ஜு, எங்க தவக்காலத்துக்கு உங்க ஃபிரிட்ஜு," என்றார். அப்படித்தான் செய்தோம். வெட்கப்பட வேண்டிய ஒரு மறதி எங்கள் தாமானில் வழக்கமாகிவிட்டது.

அடுத்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முரளியிடமும் போன வாரம்தான் சொன்னேன்.

சின்னவள் பிறந்த ஆறாவது மாதம். எனக்குப் பால் நின்றுவிட்டது. கம்பெனியில் மறுபடி ஓவர்டைம் இல்லை. பால்மாவு டின் இரண்டு நாள் கூட வர வேண்டும் என்று ஒவ்வொரு புட்டிக்கும் ஒரு கரண்டி குறைத்துக் கலக்க ஆரம்பித்தேன். நான் காலையில் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தேன். சிக்கனத்தில் நான் கெட்டிக்காரியாகிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. கிளினிக்கில் எடை போட்டபோது குழந்தை ஏறவே இல்லை. தாதி எப்படிப் பால் கலக்குகிறீர்கள் என்று கேட்டார். நான் பொய் சொன்னேன்.

திரும்பி வரும்போது பிலோமினா அக்கா வாசலில் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டார். சொல்லிவிட்டேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைத் தள்ளிவைத்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"தங்கச்சி, மிச்சம் பிடிக்கிறது குப்பையில போறதுலேருந்து. வாயில போறதுலேருந்து இல்ல. நான் என்ன இதுக்கா படம் போடச் சொன்னேன்?"

பிறகு அவர் குரல் இறங்கியது.

"தோட்டக்காரம்மா, வெங்காயத்துக்கு என்கூட அவ்வளவு சண்டை போட்டீங்க. இதுக்கு ஏன் வாயத் திறக்கல?"

அடுத்த வாரத்திலிருந்து குழுவில் ஒரு புதிய வழக்கம் வந்தது. படத்துக்கு முன்னால் ஒவ்வொரு வீடும் எதைக் குறைக்கக்கூடாது என்று எழுத வேண்டும். எங்களுக்குப் பால்மாவு. சரசு அக்காவுக்கு மாமியாரின் சர்க்கரை நோய்க்கான ஓட்ஸ். அதை ஒதுக்கிவைத்துவிட்டு மீதியில்தான் யோசிப்போம். திடீரென்று ஏன் இந்தக் கட்டளை என்று நீங்களெல்லாம் அவரைக் கேட்டீர்கள். "சும்மாதான்லா" என்று சிரித்தார். காரணம் நான். சின்னவள் இப்போது நன்றாக இருக்கிறாள். தூக்கினால் இடுப்பு வலிக்கிறது.

அவர் போனபின் பஸ்ஸை முதலாளி எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேறு ஓட்டுநர், வேறு தடம். நாம் ஒவ்வொருவராகப் பேரங்காடிக்குத் திரும்பினோம். போன வெள்ளிக்கிழமை மாலை பழக்கத்தில் ஃபிரிட்ஜைத் திறந்து நின்றேன். மூன்று பொட்டலம் காளான். எதற்கு வாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. பழைய மூச்சுமுட்டல் திரும்பி வந்திருப்பது அப்போது புரிந்தது. அன்றிரவு பிலோமினா அக்கா குழுவிலிருந்து விலகினார்.

மறுநாள் அவரைப் பார்க்கப் போனேன். நான் குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"பஸ் இருந்திச்சு, நாங்க இருந்தோம்," என்றார் பிறகு. "இப்ப நான் வந்தா, பாவம், புருஷன் இல்லாதவன்னு ஆளுக்கு ஒரு கட்டுக் கீரை குடுப்பீங்க. எனக்கு அது வேணாம்மா."

"அக்கா, பூசணித் தோலை எடுத்து வைக்கணும்னு எங்களுக்கு யாரு சொல்லுவா?"

"அதான் சொல்லியாச்சே."

"அடுத்த வாரம் பூசணி வராதே. வாழைத்தண்டு வந்தா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் போனபின் முதல்முறையாக அந்தப் பழைய முகம் கொஞ்சம் தெரிந்தது.

"எதுல போவே? உனக்குத்தான் வண்டி ஓட்டினா கை நடுங்குமே."

"நடுங்கும்க்கா. நடுங்கிக்கிட்டே ஓட்டுறேன். ஒம்பது மணிக்கு மேல ரோட்டுல கூட்டம் இருக்காது."

குழந்தையின் காலைத் தடவினார். பிறகு சொன்னார்: "மூணு வீடாவது வேணும்னு சொல்லட்டும். நாப்பதாம் நாளுக்காக வேணாம், எனக்காக வேணாம். அவங்கவங்க வீட்டுக்காகச் சொல்லட்டும். அப்படின்னா சனிக்கிழம வரேன். ரெண்டு வீடுன்னா வேணாம், விட்டுரு."

அருளப்பன் அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இரண்டுதான். கடைக்குக் கிளம்பும் முன் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, ஒளிந்திருப்பதையும் சேர்த்துப் பார்க்கிற தைரியம் ஒன்று. குறைக்க வேண்டியது எது, தொடவே கூடாதது எது என்று பிரித்துப் பார்க்கிற புத்தி மற்றொன்று. சம்பளம் ஏறவில்லை, விலை இறங்கவில்லை, என் பயமும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் இந்த நாலு வருடமும் மாதக் கடைசியில் என் பிள்ளைகள் ஒருநாளும் அரைவயிற்றோடு தூங்கவில்லை. அந்த ஒரு கெட்ட மாதத்தைத் தவிர. இதைத் தனியாக என்னால் செய்திருக்க முடியாது.

பஸ் இல்லைதான். எங்கள் பழைய காரில் பின்ஸீட்டை மடக்கினால் ஐந்து வீட்டுச் சாமானும் கொள்ளும், அளந்து பார்த்துவிட்டேன். என் கை நடுங்கினால் பக்கத்தில் பிலோமினா அக்கா இருப்பார்.

எங்கள் வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டது. அது ஒன்று. இன்னும் இரண்டு வீடு வேண்டும். வேண்டாம் என்றாலும் வருத்தப்பட மாட்டேன், ஆனால் சும்மா இருந்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் உங்கள் ஃபிரிட்ஜ் படத்தோடு ஒரு வரி எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.